கீப்பர் உடைக்கும் தேங்காய்

– காடியில ஏறி பெல்ட்ட போடு வாசு. அழுத மூஞ்சோட அப்பா முன்னுக்குப் போயி நிக்காத, சொல்லிட்டேன்.

– அழலண்ணே.

– மூனு கோல்லா. ஃபைனல்ல, நம்ம தோட்டத்துப் பாடாங்குத் திடல்ல, நம்ம சனம் பாக்க, லூனாஸ் பசங்ககிட்ட மூனு கோல். நீ போஸ்ட்டுல நின்னிருந்தா ஒன்னு கூட உள்ளுக்குப் போயிருக்காது.

– ரோனால்ட் பாவம்ணே. அவன் பின்னுக்கு நின்னு தடுக்கிறவன். திடீர்னு கிளவுஸ மாட்டி நீதான் கீப்பர்னா என்ன செய்வான்?

– அவன யாரு சொன்னா? கோயில் தலைவர் மாமாவச் சொல்றேன். ஆட்டத்துக்கு முன்ன முனீஸ்வரருக்கு கீப்பர்தான் தேங்கா ஒடைக்கணும். சரி, நம்ம தோட்டத்து வழக்கம். அதுக்காக அத்தன ஆம்பளைங்களுக்கு மத்தியில உன்ன மாதிரி ஒரு பொண்ணப் பாத்து, 'சுத்தமாத்தான் இருக்கியா'ன்னு கேப்பாரா? எங்க யாரையாச்சும் அப்படிக் கேட்டிருக்காரா, சொல்லு பாப்பம்.

– ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேக்கறாரு. கூசும். அப்புறம் பழகிப்போச்சு.

– பழகிப்போச்சுல்ல? அப்ப 'சுத்தந்தான் மாமா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஒடைக்க வேண்டியதுதான? யாரு வந்து பாக்கப் போறா? 'இல்ல மாமா'ன்னுட்டு கிளவுஸ கழட்டி ரோனால்ட் கையில குடுத்துட்டுப் போயி ஒக்காந்துட்ட.

– சாமி விசயம்ணே.

– என்னா சாமி விசயம்? ரோனால்ட் வேதக்காரன். கழுத்துல சிலுவையோட அவன் ஒடைச்சா முனீஸ்வரர் வாங்கிக்கிறாரு. அவரு கோயில கூட்டிப் பெருக்குற வீட்டுப் பொண்ணு ஒடைச்சா வாங்க மாட்டாராக்கும்.

– அப்படிப் பேசாதண்ணே. மழ தூறுது, மெதுவாப் போ.

– வயிறு எரியுதுலா. அலோர்ஸ்டார்லேருந்து அந்த கோச் அம்மா உன்னப் பாக்கத்தான் வந்துச்சு. ஸ்டேட் டீமுக்கு ஒரு கீப்பர் வேணும்னு. பாதி ஆட்டத்துல எந்திரிச்சு காடியில ஏறிப் போயிருச்சு. நான் ஓடிப்போயி என்னான்னு சொல்லுவேன்? இங்க்லீஷ்ல சொல்லவும் தெரியல, மலாய்ல சொல்லவும் வெக்கமா இருந்துச்சு.

– தெரியும். பாத்தேன்.

– உன்ன நான் டீம்ல எடுத்தப்ப எத்தன பேரு என்னப் பாத்துச் சிரிச்சானுங்க. 'திவாகரன் டீம்ல ஆம்பளைக்குப் பஞ்சம்டா'ன்னானுங்க. போன மாசம் செமியில ரெண்டு பினால்ட்டியப் புடிச்ச பாரு, அதே வாயிங்கதான் உம்பேரச் சொல்லிக் கத்துச்சு.

– அப்பா கூட வந்திருந்தாரு. போஸ்ட்டுக்குப் பின்னுக்கு நின்னுக்கிட்டு அழுதாரு.

– பொட்டப்புள்ளைக்குப் பந்து எதுக்குன்னு உங்கூட ஒரு வருசம் பேசாத மனுசன். அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் எம்மக எம்மகன்னு பாக்குறவங்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. குளிக்கப் போனவருதான், பொத்துனு விழுந்தாரு. ஒரு பக்கம் கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு.

– வேணாம்ணே, அத விடு.

– எப்படி விடுறது? காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லா இருக்கிற கைய நீட்டி, பந்தப் புடிக்கிற மாதிரி காட்டுறாரு. உன்னத்தான் கேக்கறாரு. சாயங்காலம் கப்போட வருவாப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

– தோத்துட்டோம்னு சொல்லு. நான் ஆடலன்னு மட்டும் சொல்லாதண்ணே.

– ஆடியும் மூனு கோல் விட்டன்னு நெனைக்கட்டுமா? முடியாது. ஒரு சின்னப் பொய் சொல்றதுக்கு உங்க மகளுக்கு வாய் வரலப்பா, அதான் தோத்தோம். இதத்தான் சொல்லப் போறேன்.

– பொய் சொல்லிட்டுத்தான்ணே ஒக்காந்தேன்.

– என்னா?

– இன்னிக்கு எனக்கு ஒன்னுமே இல்ல. சுத்தமாத்தான் இருந்தேன்.

– பைத்தியமாலா ஒனக்கு? அப்புறம் ஏன் இல்லன்ன?

– தேங்காய கையில எடுக்கப் பயமா இருந்துச்சுண்ணே. செமி அன்னிக்குத்தான் தீட்டு. மாமா கேட்டப்ப சுத்தந்தான்னு சொல்லிட்டு ஒடைச்சேன். அன்னிக்குச் சாயங்காலந்தான அப்பா விழுந்தாரு.