ஒரு இறாத்தல் சீனி

சீனி கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நெடுங்கேணிப் பக்கம் ஒரு குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சீனி தண்ணீரில் கரைவது பௌதிக மாற்றம். தண்ணீரை வற்றவைத்தால் சீனி திரும்பி வரும். எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் சோதனையில் அப்படித்தான் எழுதினார்கள்.

தலைமையாசிரியர் சிற்றம்பலம் முப்பத்தொன்றையும் சிவப்பு மையால் வெட்டினார். அவர் சமயம் படிப்பித்து வந்தவர்.

"கண்ணுக்குத் தெரிஞ்ச சாமான் காணாமப் போனால் அது இரசாயன மாற்றம்தான், யோகநாதன்," என்றார், பிள்ளைகள் முன்னால்.

எனக்கு அழுகை வந்தது. பிழையாகப் படிப்பிக்கிறேன், வேலையால் நிறுத்துங்கள் என்று கல்விக் கந்தோருக்குக் கடிதமும் எழுதி வைத்தார். திங்கட்கிழமைத் தபாலில் அது போகும். எனக்கோ வேறு பிழைப்புத் தெரியாது.

ஞாயிறு பின்னேரம் ஒரு இறாத்தல் சீனியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அதில் எலிப் பாஷாணம் கலந்திருந்தேன். இரண்டும் வெள்ளை, நல்ல சோடி.

ஒன்றை மறந்துபோனேன். நம் பக்கத்தில் வீட்டுக்காரர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். சீனி, வந்தவர்களுக்கு. நானும் அப்படி வளர்ந்தவன்தான், ஆனால் அந்த அவசரத்தில் யாருக்கு நினைவு வரும்? அவர் மனைவி அன்னபாக்கியம் அக்கா என் சீனியில் மூன்று கரண்டி போட்டு, கலக்கி, எனக்கே நீட்டினார்.

"எனக்குச் சலரோகம், அக்கா. சீனி ஆகாது."

"முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி. ஊத்தினால் வீண். நான் குடிக்கிறன்."

தம்ளரை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு பருக்கைகூட இல்லை. கிணற்றடியில் நின்ற சிற்றம்பலம் பார்த்திருந்தால் காணாமல் போய்விட்டது என்றிருப்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்கா இறந்துபோனார். மனைவிக்கு நஞ்சு வைத்ததாகச் சிற்றம்பலத்தைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். கடிதம் தபாலுக்குப் போகவில்லை. இப்போது அவர் இடத்தில் பதில் தலைமையாசிரியர் நான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் நேற்று வழக்கில் உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். 'சீனியும் நஞ்சும் சேர்ந்த சேர்வை' என்று இருக்கிறது. அது சேர்வை அல்ல, கலவை; இரசாயன மாற்றம் நடந்து ஒன்றானால்தான் சேர்வை. பேப்பரில் வந்தால் பிள்ளைகள் படிப்பார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கலந்தது நான். கரைத்தது அக்கா. இரசாயன மாற்றம் என்று ஏதாவது நடந்திருந்தால் அது அவர் வயிற்றில் நடந்தது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பு, ஐயா?