விற்காத காரை விற்றதாகக் காட்டியது பற்றி

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் அதிகாரி எழுதிக்கொண்டபடி சரி. வயது நாற்பத்தேழு. வேலைக்குப் போவதில்லை, வீட்டையும் வீட்டு வரவு செலவையும் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மற்றதை நானே படித்துக்கொண்டேன். விசாரணையில் உள்ள, பழைய கார் விற்கும் இணையதள நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்குத் தலைவராக இருப்பது என் உடன்பிறந்த தம்பி.

சென்ற வருடம் என் கணவருக்கு மாற்றல் வந்ததால் எங்கள் சாம்பல் நிறக் காரை விற்க முடிவு செய்தோம். தம்பி வீட்டுக்கு வந்து, அந்தத் தளத்தில் என் பெயரில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லும் அவனே வைத்து, காரைப் படமெடுத்து விளம்பரம் போட்டான். அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது, காசே வாங்காமல் விளம்பரம் போட்டால் உங்களுக்கு எப்படிக் கட்டுபடியாகும் என்று கேட்டேன். கார் வியாபாரிகள் மாதச் சந்தா கட்டுகிறார்கள், தங்கள் கார் முதலில் தெரியத் தனியாகக் கட்டுகிறார்கள், கடன் கொடுக்கும் கம்பெனிகள் ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் தருகின்றன என்று சொன்னான். அதில் லாபம் நிற்கிறதா என்று கேட்டேன்.

"விளம்பரச் செலவே அதைவிட ஜாஸ்தி. லாபமெல்லாம் அப்புறம் வரும்க்கா. பணம் போடறவங்க இப்போ எத்தனை கார் வித்துச்சுன்னுதான் பாக்கறாங்க" என்றான். விற்ற ஒவ்வொரு காரின் முழு விலையும் நிறுவனத்தின் வியாபாரமாகக் கணக்கில் ஏறும் என்றும் சொன்னான். கைக்கு வராததை எப்படி எழுதுவீர்கள் என்றேன். "இது மளிகைக் கணக்கு இல்லக்கா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மாற்றல் ரத்தானதால் காரை விற்க வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். நான் விளம்பரத்தை எடுக்கப் போனேன். எடுப்பதற்கென்று தனி வழி இல்லை, 'விற்றாயிற்று' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. விற்காததை விற்றதாகச் சொல்ல, கடவுளைக் கும்பிடும் எனக்கு மனம் வரவில்லை. அழுத்தாமல் விட்டேன். கார் கேட்டு அழைப்புகள் வந்தபடி இருந்தன. ஒருவர், "அப்புறம் எதுக்கும்மா படத்தைப் போட்டு ஆசை காட்டறீங்க" என்று சத்தம் போட்டார். தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"எல்லாரும் அதைத்தான் அழுத்தறாங்க. ஒரு பொத்தான்தானேக்கா, சாமி கோவிச்சுக்காது" என்றான்.

"அதை நீ எப்படிடா சொல்ற" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் காலை வழிபாடு முடிந்து போனைத் திறந்தபோது, 'வாழ்த்துகள், உங்கள் கார் விற்கப்பட்டது' என்று செய்தி வந்திருந்தது. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் கீழே நின்றது, அதன் மேல் பூனை படுத்திருந்தது. அழைப்புகள் நின்றுபோயின.

சென்ற மாதம் இந்த விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டு, காரை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டார். விற்கவில்லை, கீழே நிற்கிறது என்றேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்று சாயங்காலமே தம்பி வந்தான். வந்ததும் நேராக அடுக்களைக்குள் நுழைபவன் வாசலிலேயே நின்றான். வாங்க ஆள் வராததால் வியாபாரிகள் சந்தாவை நிறுத்திவிட்டதாகவும், எடுத்துவிட்ட விளம்பரம் எல்லாம் விற்ற கார் என்று கணக்கில் ஏறியதாகவும், அதுவும் போதாமல் சிலவற்றை அலுவலகத்திலிருந்தே அழுத்தியதாகவும், அந்தக் கணக்கை நம்பிப் பணம் போட்டவர்கள் புகார் கொடுத்துவிட்டதாகவும், கணக்கில் கையெழுத்து தன்னுடையது என்றும் சொன்னான்.

"நான்தான் தெரியாம அழுத்திட்டேன்னு மட்டும் சொல்லுக்கா. உன் கணக்குலேர்ந்துதான் போயிருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க."

"உங்க அக்காவையா பொய் சொல்லச் சொல்ற?" என்று என் கணவர் கேட்டார்.

"மாமா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்றான்.

 அவனுக்குச் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அவன் தட்டு கழுவி நான் அதுவரை பார்த்ததில்லை.

இன்று அதிகாரி காட்டிய பதிவில் அந்தப் பொத்தான் காலை ஏழே காலுக்கு அழுத்தப்பட்டதாக இருக்கிறது. ஏழிலிருந்து எட்டு வரை என் வழிபாட்டு நேரம், போனை அணைத்து வைத்துவிடுவேன். தம்பிக்கு இது தெரியும், அந்த நேரத்தில் அவன் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அழுத்தியது நான் இல்லை. கடவுச்சொல் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அது என்ன என்று அதிகாரி கேட்டார். சின்ன வயதில் அவன் என்னைக் கூப்பிட்ட செல்லப் பெயர். சொன்னேன்.

இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் 'விற்பனை செய்யப்பட்ட கார்' என்று இருந்ததை 'விற்காத கார்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மேற்படி கார் இப்போது இந்த அலுவலக வாசலில் நிற்கிறது. என்னை அதில் அழைத்து வந்தது என் தம்பி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நான் சொன்னதுதான் இதில் எழுதியிருக்கிறது. கடவுள் அறிய எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)