கோதண்டபாணி சார் வீட்டுச் சனிக்கிழமைகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் சாருலதா அம்மையார் அவர்களே, சாரின் துணைவியார் காவேரி அம்மா அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பள்ளியை விட்டுப் போன பிறகும் யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் நஸ்ருன்னிசா. இதே மயிலாப்பூரில், இதே பள்ளியில், இருபத்தொரு ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறேன். ஐந்து நிமிடம்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முடியாது. திட்டுவதானால் கூட்டம் முடிந்ததும் திட்டிக்கொள்ளுங்கள்.

நம் புவியியல் ஆசிரியர் கோதண்டபாணி சார் போன ஞாயிற்றுக்கிழமை காலை நம்மை விட்டுப் போய்விட்டார். நல்லாசிரியர் என்று சொன்னீர்கள். பண்பாளர் என்று சொன்னீர்கள். எல்லாம் சரி. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று என்னைக் கேட்டால், இந்தச் சென்னையிலேயே அவரைப் போல வேடிக்கை பார்த்த மனிதர் கிடையாது என்பேன்!

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குக் குரல் போயிற்று. குரல்வளையில் முடிச்சு. இருபத்தாறு வருடம் வகுப்புக்கு அறுபது பிள்ளைகள் என்று கத்தியதற்குக் கிடைத்த பரிசு. ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பேசவே கூடாது என்றார் டாக்டர். அரைமணி நேரம்! நமக்கு ஒரு பீரியடுக்கே பற்றாதே! ராஜினாமா செய்தார். நாமெல்லாம் என்ன யோசனை சொன்னோம்? "வீட்டில் டியூஷன் வையுங்கள், இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடியுங்கள்." பேசக் கூடாத மனிதரிடம் இந்த இரண்டையும் சொன்னோம்! நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, ஸ்கூலுக்கு வெளியே இருக்கறவங்கல்லாம் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இன்னாதான் செய்றாங்க?"

யாருக்காவது தெரியுமா? பள்ளியில் படித்தோம், கல்லூரியில் படித்தோம், மறுபடி பள்ளிக்கே வந்துவிட்டோம். மற்றவர்களுடைய வேலையை நாம் எங்கே கண்டோம்?

அவர் போய்ப் பார்த்தார். தபால் நிலையத்தில் ஒரு நாள். கல்யாண மண்டபச் சமையல்கட்டில் ஒரு நாள். பாலவாக்கம் கடற்கரையில் மீன் விற்கும் பச்சையம்மா என்ற அம்மாள் அவரை மடக்கினாராம். "இன்னா நைனா, மீன் வாங்கறியா, வேடிக்கை பாத்துக்கினு கீறியா?" "வேடிக்கைதாம்மா." "அப்போ வழியில நிக்காத, அந்தாண்ட குந்து." கூடை காலியாகும்வரை குந்தியிருந்தார். இப்படியே சுற்றி, கடைசியில் அடையாறில் ஒரு நூலகத்துக்குள் போனவர், அங்கே பழைய வரைபடங்கள் தாறுமாறாகக் கட்டி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். புவியியல் தெரிய வேண்டும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதுவே அவர் வேலையாயிற்று.

அத்தோடு நின்றாரா? இல்லை! வகுப்பறையை விட்டு வெளியேறத் தவிக்கும் ஆசிரியர்களைச் சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்குத் தம் மந்தைவெளி வீட்டுக்கு வரச் சொன்னார். அங்கே அறிவுரை கிடையாது. அறிவுரைக்கு நிறையப் பேச வேண்டுமே! கேள்விதான். கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் நாம் பொத்திப் பொத்தி வைக்கிற சி.எல். விடுப்பில் ஒரு நாளை எடுக்கச் சொல்வார். "யாராவது வேலை செய்ற இடத்துல பக்கத்துல போய் உக்காரு. வாயத் தொறக்காத. பாத்துட்டு வா."

பார்த்ததை எப்படி எழுதித் தர வேண்டும்? எட்டுப் பீரியடாக! முதல் பீரியடில் அந்த மனிதர் என்ன செய்தார், மூன்றாவதில் என்ன செய்தார் என்று கட்டம் போட்டுக் கால அட்டவணை எழுத வேண்டும். நமக்கு அதுதானே தெரியும்? வாங்கிப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்பார். "எந்தப் பீரியடுல மணி அடிக்கறத மறந்த?"

அப்படிப் போனவர்கள் நாற்பத்து மூன்று பேர். வேதியியல் எடுத்த ஷீலா டீச்சர் இன்று மசாலாத்தூள் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். தமிழாசிரியர் ஒருவர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் புரிகிற மாதிரி மருந்துக் குறிப்பு எழுதுகிறார். பதினாறு பேர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எனக்கு ஸ்கூலே போதும் சார்" என்று திரும்பி வந்தார்கள். அவர்களுக்கும் அதே காபிதான், அதே சிரிப்புதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தலைமையாசிரியர் அம்மா, மன்னிக்க வேண்டும்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு நான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இந்த மாதக் கடைசி நாளோடு என் வேலை முடிகிறது. அதற்குள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று அம்மா என்னைத் தினமும் கேட்கிறார். ஏன் கொடுத்தேன்? ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து ஏதோ சந்தேகம் கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். சாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு இன்னா கேட்டுச்சு?" என்றார். எனக்கு நினைவில்லை. காதிலேயே விழவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

மூன்று இடங்களுக்கு அனுப்பினார். முதலில் பெருங்குடியில் ஒரு கம்பெனி. என் பழைய மாணவன் நிரஞ்சன் அங்கே பயிற்சி வகுப்பு எடுக்கிறான். பின்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். நீலச் சட்டைக்காரர் ஒருவர் மேசைக்கடியில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "ஏய் நீலச் சட்டை! எழுந்து வெளியே போய் நில்லு!" மனிதர் எழுந்து போய் நின்றுவிட்டார்! நிரஞ்சன் முகத்தில் ரத்தமே இல்லை. "டீச்சர், அவர் என் மேனேஜருக்கே மேனேஜர்!"

இதைக் கேட்டு சார் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "எத்தினி நிமிஷம் நின்னாரு?" பன்னிரண்டு நிமிடம் சார் என்றேன். "அப்பால இன்னா சொன்னாரு?" உள்ளே வந்து, "தேங்க்ஸ் மேடம், பத்து வருஷத்துல மீட்டிங்கை விட்டு என்னை வெளியே அனுப்பின முதல் ஆள் நீங்கதான்" என்றார் அந்த நீலச் சட்டைக்காரர். ஆனாலும் அங்கே நான் மணியை மறக்கவில்லை. தி.நகர் பதிப்பகத்திலும் மறக்கவில்லை. வேலை பரவாயில்லை, அவ்வளவுதான். மூன்றாவது இடம் ஒரு வங்கி. அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறேன், மதியமே ஓடி வந்துவிட்டேன்.

நாலாவதாக எங்கே போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் அவரைக் கேட்டேன். மூக்கில் குழாய். ஒரு தாளை வாங்கி எழுதினார்: "சனிக்கிழமை என் வீட்டுக்குப் போ. என் நாற்காலியில் உட்கார்."

போனேன். வந்தவர் ஒருவர்தான், அடையாறு டயானா டீச்சர். இயற்பியல். காது கேட்கும் கருவி விற்கிற கடையில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். "ஒரு தாத்தாவுக்கு மெஷின் மாட்டுனாங்க டீச்சர். தன்னோட செருப்புச் சத்தம் கேட்டதும் கடைக்குள்ளயே நடந்துகிட்டே இருந்தாரு." எத்தனை சுற்று நடந்தார்? மாட்டியவர் அப்போது என்ன செய்தார்? உங்கள் கை எங்கே இருந்தது? கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். காவேரி அம்மா உள்ளேயிருந்து வந்தார். "ஏம்மா, அஞ்சரைக்கு முடியற கூட்டம். மணி ஏழே கால். தோசை ஊத்தட்டுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கட்டம் போட்டு எழுதினேன், காலையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. காலையில் அவர் இல்லை. சார், ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா சார்? உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்?

அழவில்லை. பேசி முடிக்கிறேன். இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். என் கடிதத்தை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. சாப்பாட்டுக்குப் பதிப்பகத்தில் வாரம் மூன்று நாள் வேலை இருக்கிறது. சனிக்கிழமை நான்கு மணிக்கு மந்தைவெளி வீடு திறந்திருக்கும். காவேரி அம்மா சம்மதித்துவிட்டார். என்னிடமும் அறிவுரை கிடையாது.

ஆசிரியர்கள் இருபது பேர் கூடினால் அதில் இரண்டு பேர் பையில் ராஜினாமா கடிதம் இருக்கும் என்பார் சார். இங்கே நூறு பேர் இருக்கிறோம். கை தூக்க வேண்டாம், மேடையில் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசாமல் வந்துவிடுங்கள். தனியாக உட்கார்ந்து பயப்படாதீர்கள்.

ஏன் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

தலைமையாசிரியர் அம்மா... நீங்களா? கையை இறக்குங்கள் அம்மா. இல்லை, இல்லை, இறக்க வேண்டாம்.

எத்தனை நாளாகப் பையில் இருக்கிறது, அம்மா?