பெயர் மாறுவதற்குள் ஆறு தாண்டிய துப்பாக்கி

நாள்: 17.11.2017. இடம்: டாலா, ஆற்றங்கரைக் காவல் நிலையம், யாங்கோன்.

பெயர் புஷ்பலதா. காலஞ்சென்ற வடிவேலின் மனைவி. தகப்பனார் பெயர் ரெங்கசாமி. வயது ஐம்பத்தாறு. மதம் இந்து. தொழில் தோசைக் கடை. விலாசம் க்யிம்யிண்டைங், படகுத்துறைச் சந்தைக்குப் பின்தெரு, மேல்மாடி வீடு. எனக்குப் பர்மிய மொழி தெரியும், கடையில் நாள் முழுவதும் அதைத்தான் பேசுகிறேன். ஆனாலும் கையெழுத்துப் போடுகிற பேச்சை என் மொழியில்தான் சொல்வேன் என்று கேட்டுக்கொண்டபடி, சயா என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் நிலைய அதிகாரி அவர்கள் சம்மதித்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் கார்த்திகேசன் எழுதிக்கொள்கிறார்.

மேஜை மேல் எனக்குக் காட்டப்பட்ட ஒற்றைக் குழல் துப்பாக்கி என்னுடையதுதான். அது என் கணவருடையது. அவர் படகுத்துறை அரிசிக் கிட்டங்கியில் காவல்காரராக இருந்தபோது உரிமம் பெற்று வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு உரிமத்தை என் பெயருக்கு மாற்றினேன். அதன் பிறகு ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பதற்காகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆபீசில் வரிசையில் நிற்பேன். தோசைக்கார அம்மா சண்டைக்கு வந்துவிட்டார் என்று அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. மழைக்காலத்தில் அதை இரண்டு ஆணிகளுக்கு நடுவே மாட்டி ரவிக்கை உலர்த்தியதுண்டு. இதெல்லாம் எழுத வேண்டுமா என்று கார்த்திகேசன் கேட்டார். எழுதச் சொன்னேன்.

முழங்கால் வலி வந்த பிறகு அந்த வரிசையில் நிற்க என்னால் முடியவில்லை. அதனால் துப்பாக்கியை விற்றுவிடப் போவதாகக் கோயிலில் சொல்லி வைத்தேன். அதன் பிறகு சுரேந்திரன் என்பவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம், டாலாவில் மீன் குளம் இருக்கிறது. குளத்தில் விட்ட குஞ்சு மீன்களையெல்லாம் நீர்க்காகங்கள் தின்று தீர்ப்பதாகவும், தகரம் தட்டினால் அவை பயப்படுவதில்லை என்றும், வெடிச் சத்தம் கேட்டால்தான் கிளம்புமென்றும் சொன்னார். நல்ல மனிதர். பாதி தமிழும் பாதி பர்மியமுமாகப் பேசுவார். விலை முதல் பேச்சிலேயே படிந்துவிட்டது. அதில் எங்களுக்குள் ஒரு வார்த்தை மனத்தாங்கல் இல்லை.

தகராறெல்லாம் பெயர் மாற்றுக் கட்டணத்தில்தான் வந்தது. துப்பாக்கி யார் பெயருக்குப் போகிறதோ அவர்தான் கட்ட வேண்டும் என்றேன். யார் பெயர் நீங்குகிறதோ அவர்தான் கட்ட வேண்டும் என்றார் அவர். பெண்ணையும் கொடுத்து மாப்பிள்ளை வீட்டுச் செலவையும் நானே ஏற்க வேண்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர், "அக்கா, இனிமே வரிசையில நிக்கப்போறது நானு. ஒங்க முழங்காலுக்குத்தானே விடுதலை? விடுதலையாவுறவங்கதான் கட்டணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவருக்குப் போட்ட தோசையில் நெய் விடவில்லை.

அதன் பிறகு கோயில் தர்மகர்த்தா காசிவிசுவநாதன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஆளுக்குப் பாதி கட்டச் சொன்னார். பாதிப் பெயரா மாறுகிறது என்று நான் கேட்டேன். அந்த ஒரு விஷயத்தில் சுரேந்திரனும் என் பக்கம் நின்று, பாதிப் பேச்சே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். தர்மகர்த்தா இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

அதன் பிறகு நானே சற்று இறங்கி வந்து, இப்போதைக்கு நான் கட்டுகிறேன், அது யார் கணக்கு என்பதை மீன் விற்றதும் பேசிக்கொள்வோம் என்றேன். அவரும் சரியென்றார். ஆபீசுக்குப் போக நாள் பார்த்தவர் அவருடைய மனைவி மா சண்டா. அவர் பர்மாக்காரப் பெண். பியத்தடா நாள், அதாவது ஆகாத நாள் என்றால் வீட்டுப்படி இறங்க விடமாட்டார். அவர் பார்த்துச் சொன்ன நல்ல நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நாள் நல்லதென்று சொல்லியனுப்பினார்களே தவிர, கிழமை இன்னதென்று எனக்குச் சொல்லவில்லை. காலையில் சுரேந்திரன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டிலிருந்து பணம் வெளியே போகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். கடையில் சில்லறை கொடுப்பது வேறு, அது கடைப் பணம், அதை முதல் நாளே பிரித்து வைத்துவிடுவேன். என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பக்கத்து வீட்டு ரஹ்மத்துல்லா பாய்தான் மருந்துக்குக் கொடுத்தார், சனிக்கிழமை விடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே, அவர் கையில் பணமிருக்கும், மறுநாள் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, நான் வெறுங்கையோடு ஆபீசுக்குப் போனேன். நான் கட்டுவேன் என்று நம்பி அவரும் பணம் கொண்டு வரவில்லை. பணம் வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் சொன்ன சொல்லை மாற்றிவிட்டதாக நினைத்து, டீகூடக் குடிக்காமல் அவர் படகேறிப் போய்விட்டார்.

அதன் பிறகு நேற்று, வியாழக்கிழமை, கோபம் ஆறிய சுரேந்திரனும் மா சண்டாவும் விலைப் பணத்தோடும் வெற்றிலைத் தட்டோடும் வந்தார்கள். நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் என்று மா சண்டா பார்த்திருந்தார். ஆபீசில் பணம் வாங்கும் ஜன்னலை மதியத்தோடு மூடிவிடுவார்கள். கட்டணத்தைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, விலைப் பணத்தை வாங்கிக்கொண்டு தாம்பூலம் மாற்றினோம்.

இப்போது சொல்லப்போவதைச் சயா அவர்கள் கவனித்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். தாம்பூலம் மாற்றிய பிறகு சுரேந்திரன் என்னிடம், "அக்கா, பேரு மாத்துனதும் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். நான்தான் கேட்கவில்லை. தாம்பூலம் மாற்றிய பொருள் அடுத்தவர் பொருள், அது என் கூரையின் கீழ் ஓர் இரவும் தங்கக் கூடாது, இன்றைக்கே கொண்டுபோ என்றேன். அவர் தயங்கினார். என் பாயை எடுத்து நானே துப்பாக்கியைச் சுற்றி, உரிமத்தையும் உள்ளே செருகி, அவர் தோளில் வைத்தேன். உரிமம் கூடவே இருந்தால் போதும் என்று நினைத்தேன். உரிமத்தில் இருப்பது என் பெயர், தோள் அவருடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது எனக்கு நேரில் தெரியாது. இன்று காலை முதல் படகில் மா சண்டா அழுதுகொண்டே வந்து, டாலா துறையில் சைக்கா என்கிற சைக்கிள் வண்டியில் ஏறும்போது பாய் அவிழ்ந்துவிட்டதென்றும், புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பாயைக் கட்டிய கயிறு என் கயிறு. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவரோடு கிளம்பி வந்தேன்.

இங்கே வந்த பிறகு, சுரேந்திரன் நேற்றிரவு கொடுத்த வாக்குமூலத்தைச் சயா அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், பெயர் மாற்றுக் கட்டணம் தன்னுடைய பொறுப்பு என்றும், தான் கட்டாமல் காலம் கடத்தியதாகவும், அக்கா வேண்டாமென்று தடுத்தும் தான்தான் அவசரப்பட்டுத் துப்பாக்கியை எடுத்து வந்ததாகவும், அக்கா மேல் குற்றமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளாக நான் தொண்டை வறளக் கத்தியும் அந்தக் கட்டணத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத மனிதர், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்காக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சயா அவர்கள் என்னை டோ என்று மரியாதை வைத்து அழைத்து, "டோ புஷ்பலதா, இது உண்மையென்று சொன்னால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் உங்கள் மேலும் வழக்கு வரும்" என்றார். யோசிக்க நேரமும் கொடுத்தார். எனக்கு ஜெயில் என்றால் பயம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அது உண்மையில்லை. கட்டணம் அவருடையது என்று நான் மட்டும்தான் சொன்னேன், அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. துப்பாக்கியை அவர் எடுத்துப் போகவில்லை, நான் தள்ளிவிட்டேன். தன் பெயர் நீங்குவதற்கு முன் பொருளை வாசல் தாண்ட விட்டவர் எவரோ, கட்டணம் அவரைச் சேர்ந்தது. ஆகவே அது என்னுடையது. கட்டணத்தைப் பற்றி முதலில் சுரேந்திரன் சொன்னதுதான் சரி என்று அவரிடம் தெரிவிக்க வேண்டாம், தலைகால் புரியாது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் மாற்றுக் கட்டணம் முழுவதையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து இந்த மேஜை மேல் வைத்திருக்கிறேன். இங்கே வாங்க முடியாது, ஆபீசில்தான் கட்ட வேண்டும் என்று சயா அவர்கள் சொன்னார். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அது என் வீட்டுப் பணம் என்பதையும், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இவ்வளவும் நான் என் வாயால், யாருடைய மிரட்டலும் இல்லாமல் சொன்னது. கார்த்திகேசன் திருப்பிப் படிக்கக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) புஷ்பலதா