கோடரியின் கடைசி மேட்ச்

முதல் மேட்ச் சுமார்தான். இரண்டு குண்டு ஆட்களைக் குஸ்தி ரிங்கில் விட்டு, ஒருவர் மேல் ஒருவர் உட்காரவைத்துச் சிரிப்பு மூட்டுவது அந்த மேனேஜருக்குப் பழகிப்போன வேலை. கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டாவதில் நாலு பேர் ஜோடி ஜோடியாக மோதினார்கள். பச்சை உடைக்காரன் கயிற்றின் மேல் ஏறும்போது கால் வழுக்கி, வழுக்காத மாதிரி சமாளித்தான். அந்தச் சமாளிப்புக்காக வேண்டுமானால் அவனை மெச்சலாம். மூன்றாவது பெண்கள் மேட்ச் நன்றாக இருந்தது. அந்த நெட்டைப் பெண் விழுந்தபோது ரிங்கின் தரைப் பலகையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. முழு முதுகும் ஒரே நேரத்தில் படும்போதுதான் அப்படிக் கேட்கும். பயந்து விழுகிறவர்கள் முதலில் கையை ஊன்றுவார்கள், இரண்டு சத்தம் கேட்கும்.

நீங்கள் நாலாவதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரியும் சார். ஆனால் மூன்றாவதைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது. அது நடந்துகொண்டிருந்தபோதுதான் என்னிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பழைய கிடங்கில், முதல் வரிசையில், ரிங்கின் மூலையை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் பேசிவைத்துச் செய்வதுதானே என்று கடையில் கேட்பார்கள். யார் ஜெயிப்பது என்பதைத்தான் பேசிவைப்பார்கள். விழுவதைப் பேசிவைக்க முடியாது. பலகைக்கு யார் வில்லன், யார் நல்லவன் என்று தெரியாது.

கோடரி என்று நோட்டீசில் போடுவார்களே, அவர் என் அத்தான். அக்காவின் கணவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பதினைந்து வயது, எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. அக்காவைக் கட்டினால் நான் இலவசம் என்று சொல்லித்தான் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார்.

வார நாளில் லிப்ட் ரிப்பேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் வில்லன். நடுவர் திரும்பியிருக்கும்போது முடியைப் பிடித்து இழுப்பார், கண்ணில் விரலை விடுவார். ஜனங்கள் காகிதக் கோப்பைகளை அவர் மேல் வீசுவார்கள். அதே மனிதர் அன்று காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டி, அக்காவின் அரத்தை வாங்கித் தேய்த்துக்கொண்டிருப்பார். எதிராளி மேல் ஒரு கீறல் விழக்கூடாது. இது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் என்னைத்தான் பார்ப்பார். "சொல்லு மச்சான், இன்னிக்கு எப்படி?" என்பார். மற்றவர்கள் புகழ்ந்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நான் குறை சொன்னால் சோற்றில் கைவைத்தபடி யோசிப்பார். அடுத்த வாரம் அந்தக் குறை இருக்காது. ஒரு ரசிகனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்த நாலாவது மேட்சுக்கு இரண்டு மாதம் முன்னால் அவருடைய இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் கழுத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது, கனமான எதையும் தூக்கக் கூடாது, இனி ஒரு தடவை தலை அடிபட்டால் கதை முடிந்தது என்றார். அவர் என்னையும் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அக்காகிட்ட வாயத் திறக்காத. நோட்டீஸ் அடிச்சிருக்கிற தேதி வரைக்கும் பாத்து ஆடிட்டு நிறுத்திடறேன்," என்றார்.

பாத்து ஆடினார். அதுதான் கஷ்டம். அந்த எட்டு வாரத்து மேட்ச்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவை நடந்திருக்கவே வேண்டாம். கையை ஊன்றி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு சத்தம். ஒரு ஞாயிறு எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், கிழவனை வீட்டுக்கு அனுப்புங்கப்பா என்றார். நாலைந்து வரிசை சிரித்தது. வில்லனைத் திட்டலாம், எதை வேண்டுமானாலும் வீசலாம். சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டால் அவன் வெறும் உடுப்பு போட்ட ஆள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, "எப்படி மச்சான்?" என்றார்.

"பரவாயில்ல அத்தான்," என்றேன்.

பதினாறு வருடத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். உடம்பு சரியில்லையா என்று அக்கா என்னிடம் கேட்டாள். இப்படி ஒரு மனிதரை, இப்படி ஒரு மேட்சோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று எழுதாதீர்கள். எனக்கு அவர் மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

கடைசி மேட்ச் மின்னலோடு. மின்னல் ஆறு வருடமாக அவரோடு மோதுகிறவன், நல்ல பையன், கூட்டத்துக்குச் செல்லம். அவன் முடிவாகச் செய்வதைக் கவிழ்ப்பு என்பார்கள். எதிராளியைக் குனியவைத்து, தலையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, இடுப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, அப்படியே உட்கார்ந்துவிடுவான். சரியாகச் செய்தால் தலைக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும். மின்னல் எப்போதும் சரியாகத்தான் செய்வான். ஆனால் உட்காரும்போது வரும் குலுக்கலைக் கழுத்துதான் தாங்க வேண்டும்.

வில்லன்களுக்கு ஒரு பக்க அறை, நல்லவர்களுக்கு எதிர்ப்பக்கம். ஆட்ட நாளில் இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது, மேனேஜர் அதில் கறார். அன்றைக்கு மின்னல் வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் உள்ளே நுழைந்தபோது மூன்றாவது மேட்ச் தொடங்கிவிட்டது. அத்தான் ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார். முழங்கால் உறையைக் கட்டிக்கொண்டிருந்தார், இடது கை ஒத்துழைக்காததால் முடிச்சை நான் போட்டேன்.

"மேனேஜர்ட்ட சொன்னா மேட்சையே நிறுத்திடுவான்," என்றார். "நீ போய் மின்னல்ட்ட மட்டும் சொல்லு. கழுத்து சரியில்ல, கவிழ்ப்பு வேண்டாம். அவன் குனியவச்சதும் தொடையில ரெண்டு தட்டு தட்டறேன். அப்படியே மடக்கிப் போடட்டும், நடுவர் மூணு எண்ணி முடிச்சிடுவாரு."

சரி என்றேன். ரிங்கைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனேன். போகிற வழியில்தான் அந்த நெட்டைப் பெண் விழுந்ததைப் பார்த்தேன். ஒரே சத்தம். நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

நான் போய்ச் சொல்லவில்லை என்று அக்கா இன்னும் சந்தேகப்படவில்லை. நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், அது உங்கள் தொழில். ஆனால் உங்கள் சந்தேகமும் பாதிதான் சரி. நான் போனேன். மின்னல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். "அண்ணன் ஏதாவது சொல்லிவிட்டாரா?" என்று கேட்டான்.

"எதையும் குறைக்க வேணாம்னு சொன்னாரு. கடைசி மேட்ச், முழுசா பண்ணச் சொன்னாரு," என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. சரி என்று சொல்லுங்க என்றான். நான் திரும்பிப் போய் அத்தானிடம், சரி என்று சொன்னான் என்றேன். அது பொய்யில்லை, பாருங்கள்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் போல நான் எதையும் பார்த்ததில்லை. முடிவில் ஆபத்தில்லை என்ற தைரியம் அத்தானை முப்பது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது. வாங்கின அடியெல்லாம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. மூன்று தடவை முழு முதுகாக விழுந்தார், மூன்றும் ஒரே சத்தம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். இதற்காகத்தான் செய்தேன். நான் சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு இல்லை, கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை, கண் மட்டும் இருந்தது. நான் அறைக்குள் போனால் மூடிக்கொள்வார். தூக்கம் வருகிறது போல என்று அக்கா சொல்வாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மின்னல்கிட்ட சொன்னியாடா என்று அக்கா ஒரே தடவைதான் கேட்டாள். அத்தானின் கழுத்தைப் பற்றி அதற்குள் டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னேன்க்கா என்றேன். மின்னல் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது அவள் கதவைத் திறக்கவில்லை. என் புருஷன் உசிரைக் குடிச்சவன் என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். அவன் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்கா என் தோளில் சாய்ந்து, எனக்குன்னு இனி நீ மட்டும்தான்டா என்று அழுதாள். நானும் அழுதேன். அத்தான் இல்லாத வீட்டில் எனக்கும் சோறு இறங்கவில்லை சார். சாப்பிட உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மின்னலை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அதனால்தான். கவிழ்ப்பை அவன் தப்பாகப் போட்டான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நாலு விரல் இடைவெளி இருந்தது, நான் பார்த்தேன். அவன் வேலையில் குறையில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவர் தட்டவில்லை என்று மின்னல் சொல்லியிருந்தால், அது, பயந்து தட்டினார் என்ற பேர் அத்தானுக்கு வரக்கூடாது என்று அவன் சொல்வது. தட்டினார். குனியவைத்ததும் தொடையில் இரண்டு. மின்னலுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், தூக்காமல் நின்றான். மறுபடி இரண்டு. அப்போது அத்தான் முகத்தை என் பக்கம் திருப்பினார். என் நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். செய்தி போய்ச் சேரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் போய்ச் சேரவில்லை என்றும் புரிந்துவிட்டது. கையை நீட்டிப் பலகையில் தட்டினார், எனக்குக் கேட்கிற மாதிரி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு. மின்னலும் என்னைத்தான் பார்த்தான்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். பின்வரிசைகளும் எழுந்து சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மின்னல் தூக்கினான்.