முதல் மனுதாரர்

உங்கள் ரைட்டர் மையில் தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறார். குற்றமாகச் சொல்லவில்லை, வெயில் காலத்தில் மை கட்டிப்போகும், எல்லாச் சர்க்கார் கச்சேரியிலும் செய்கிற காரியம்தான். ஆனால் இந்த மையில் எழுதியது பத்து வருஷத்தில் வெளிறிவிடும். முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

நல்லது, மாஜிஸ்திரேட் ஐயா. என் பெயர் சேக் முகைதீன், வயது ஐம்பத்திரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி, தாசில்தாரிடம் குமாஸ்தா. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் வாக்குமூலம் நிற்காது.

இருபத்தேழு வருஷமாக ஜனன மரணப் பட்டி என் மேஜைக்குத்தான் வருகிறது. கிராம முன்சீபுகள் அனுப்புவதைச் சரிபார்த்துச் சேர்த்து எழுதுவது என் வேலை. அவர்கள் எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வரும். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரு முன்சீப் வருஷக்கணக்கில் 'விதி' என்றே எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புவேன். மறுவாரம் 'காய்ச்சல்' என்று திரும்பி வரும். என் மேஜையைத் தாண்டி ஒரு பொய் போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

பக்கீர் முகமது இராஜபாளையத்துப் பையன். அவன் தாய் ரஹ்மத்துன்னிசா பஞ்சுக் கிட்டங்கியில் கொட்டை பிரித்துப் பிழைக்கிற விதவை. அவனுக்கு முன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். தாது வருஷப் பஞ்சத்தில் இவன் பிறந்ததும், பிச்சைக்காரன் என்று பெயர் வைத்தால் சாவு ஏறெடுத்துப் பார்க்காது என்று நேர்ந்துகொண்டு பக்கீர் என்று வைத்தாள். அவள் மட்டுமா, அந்த வருஷம் பிள்ளை பெற்ற எங்கள் ஜனத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள். இன்றைக்கு இந்தத் தாலுகாவில் இருபத்து மூன்று வயதுப் பக்கீர் முகமதுகள் என் பட்டியில் மட்டும் பதினொரு பேர்.

இவன் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வருஷமும் என் வீட்டில்தான் தங்கினான். என் மகன் அசன் முகம்மதுவோடு ஒரே தட்டில் சாப்பிட்டான். என்னை மாமு என்று கூப்பிடுவான். இரண்டு பேரும் சென்னைக்குப் போய் ஒரே வருஷம் பி.ஏ. தேறினார்கள். அவன் முதல் வகுப்பு. என் மகன் இரண்டாம் வகுப்பு.

அப்போதுதான் சர்க்கார் உபகாரச் சம்பளம் பற்றிய உத்தரவு வந்தது. பி.ஏ. தேறிய முகமதியர் ஒருவருக்கு, எம்.ஏ. படித்து முடிக்கும் வரை சர்க்கார் செலவு. நிபந்தனைகளைத் தமிழில் பெயர்த்தவனே நான்தான். ஜூலை முதல் தேதியில் இருபத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கக் கூடாது. வசதி குறைந்தவருக்கு முன்னுரிமை. முதல் மனுதாரர் இறந்துவிட்டாலோ, தன் கைப்பட எழுதி விலகிக்கொண்டாலோ, இரண்டாம் மனுதாரருக்குச் சேரும்.

முதல் பெயர் பக்கீர். இரண்டாவது அசன். என் மகனுக்கு இந்த ஆகஸ்டில் இருபத்தைந்து நிரம்புகிறது. இந்த வருஷம் இல்லையென்றால் அவனுக்கு எந்த வருஷமும் இல்லை. நான் மாதச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் என் மகன் ஒரு படி இறங்கி நிற்க வேண்டும். என் சோற்றைத் தின்றவனுக்கு, அவன் ஏழை என்பதே ஒரு தகுதி. எனக்கு வயிறு எரிந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் பதினொன்று, திங்கட்கிழமை, இரண்டு காகிதங்கள் ஒன்றாக என் மேஜைக்கு வந்தன. ஒன்று, முதல் மனுதாரரைப் பற்றி விசாரித்து எழுதும்படி கலெக்டர் கச்சேரித் தாக்கீது. இன்னொன்று, சோழபுரத்து வாரப் பட்டி. அங்கே வாந்திபேதி பரவியிருந்தது. ஐந்தாவது வரியில், பக்கீர் முகமது, வயது இருபத்து மூன்று, பேதி, ஜூன் ஒன்பது. அவன் வேறு பக்கீர், ஒரு வண்டிக்காரன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். பிறகு அறிக்கை எழுதினேன். 'முதல் மனுதாரர் பக்கீர் முகமது, வயது இருபத்து மூன்று, ஜூன் ஒன்பதாம் தேதி பேதியால் இறந்துவிட்டார்.' ஒன்றரை வரிதான். தாசில்தார் ஐயா என் காகிதங்களைப் படித்துப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்துப் போட்டார். தபால் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காகிதத்தில் செத்தவன் அசனைப் பார்க்கத் தேர்முட்டி வழியாக நடந்து வருவான். கடையில் வெற்றிலை வாங்குவான். என்னைக் கண்டால் தூரத்திலேயே சலாம் சொல்லுவான். தாசில்தார் பார்த்துவிட்டால் என்ன, கலெக்டர் கச்சேரி ஆள் ஒருவன் பெயரைக் கேட்டுவிட்டால் என்ன. அறிக்கையைத் திரும்பப் பெற விதி கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஜெயில், அசனுக்கு ஆயுசுக்கும் தலைகுனிவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால்கூட அந்த ஒன்றரை வரிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி ஜும்மா முடிந்து வெளியே வரும்போது அவன் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தான்.

"மாமு, செவ்வாக்கிழமை வீட்டுக்கு வாரேன். ஒரு விசயம் பேசணும். பொறவு திருநெல்வேலிக்குப் போறேன், கலெக்டர் கச்சேரிக்கு."

"அங்க எதுக்குலே?"

"செவ்வாக்கிழமை வந்து சொல்லுதேன்."

விசாரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். அன்று மத்தியானம் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தக் காகிதத்தை இனி மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது ஒன்றுதான்.

பேதி பரவும் விதம் பற்றிச் சுகாதார இலாகா வருஷாவருஷம் சர்க்குலர் அனுப்பும். அதைத் தமிழில் நாற்பது பிரதியாவது என் கையால் எழுதியிருப்பேன். நோயாளியின் துணிகளை ஊருணியில் துவைக்கக் கூடாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். ஊரில் யார் கேட்டார்கள்? என் வீட்டில் மட்டும் நசீமா தினமும் கொதிக்க வைப்பாள். என் மனைவி அவள். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

பதினெட்டாம் தேதி சோழபுரத்துப் பட்டியைச் சரிபார்க்கப் போனேன். அதுவும் என் வேலைதான். செத்துப்போன வண்டிக்காரனின் வீட்டிலும் பேதி கண்டிருந்தது. அவன் மனைவி ஊருணிப் படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அலசக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். "வேற தண்ணிக்கு எங்கே போக?" என்றாள். அவள் போன பிறகு அதே படியில் இறங்கிக் கூஜாவை நிரப்பினேன். வழியெல்லாம் வண்டி குலுங்கியது. ஒரு சொட்டுச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கூஜாவை யாரும் தொடக் கூடாது, மருந்துக்கு வைத்திருக்கிறேன் என்று நசீமாவிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவன் இராஜபாளையத்திலிருந்து நடந்தே வந்தான். ஏழு மைல், நல்ல வெயில். அசன் வீட்டில் இல்லை. கூஜாத் தண்ணீரில் நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் அவன் அப்படித்தான் வாங்குவான். பாதி டம்ளர் குடித்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"நான் விலகிக்கிடுதேன் மாமு. எழுதிக் கையோட கொண்டாந்திருக்கேன். அம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டு, இப்ப தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. எனக்கு அடுத்த வருசமும் வயசு இருக்கு. அசனுக்கு இது போச்சுன்னா போச்சுல்லா. அவன்கிட்ட முன்னாடியே சொன்னா வேண்டாம்பான். நீங்க ஒரு தடவ பார்த்துட்டியன்னா நானே கொண்டுபோயி கலெக்டர் கச்சேரியில கொடுத்துட்டு வந்திருவேன்."

வாங்கிப் படித்தேன். நல்ல கையெழுத்து. ஒரு பிழை இல்லை. கீழே ஜூன் பத்தொன்பது என்று தேதி போட்டிருந்தான்.

ஐயா, இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அப்போதே டம்ளரைப் பிடுங்கியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். ஒன்பதாம் தேதி செத்துப்போனவன் பத்தொன்பதாம் தேதி எப்படி விலகிக்கொள்ள முடியும்? அந்தக் கடிதம் கலெக்டர் கச்சேரிக்குப் போனால் என் அறிக்கை என்ன ஆவது? என் மகனுக்கு அவன் இடத்தைக் கொடுத்துவிட்டான், உண்மைதான். என் ஒன்றரை வரிக்கு அவனால் எதுவும் செய்ய முடியவில்லை.

"வெயில்ல வந்திருக்க. இன்னொரு டம்ளர் குடி" என்றேன். குடித்தான். கடிதத்தை நானே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். திருநெல்வேலிக்கு அலைய வேண்டாம் பாருங்கள்.

மறுநாள் படுத்தான். வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, விடிந்து சற்று நேரத்தில் இறந்தான். ஜும்மா முடிந்து அடக்கம். சந்தூக்கின் முன்புறம் அசன் தோள் கொடுத்தான். பின்புறம் நான். ரஹ்மத்துன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பக்கீருன்னு பேரு வச்சும் போயிட்டானே" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நடிக்கவில்லை. நாலு வருஷம் என் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

ஆனால் அன்று எனக்கு நல்ல தூக்கமும் வந்தது. பதினொன்றாம் தேதிக்குப் பிறகு முதல் தூக்கம்.

இந்த மாதம் பத்தாம் தேதி அசன் பெயருக்கு உத்தரவு வந்தது. 'முதல் மனுதாரர் ஜூன் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டபடியால்' என்று தொடங்கியிருந்தது. என் வாசகத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். அசன் இரண்டு தடவை படித்தான்.

"அத்தா, வெள்ளிக்கிழமைல்லா தூக்கிட்டுப் போனோம். ஒம்பது சனிக்கிழமை. அன்னைக்கு அவனும் நானும் மடவார்வளாகத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோமே."

அவன் என் பெட்டியைத் திறந்தான். பக்கீரின் கடிதம் மேலேயே இருந்தது. வந்த காகிதத்தைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதைப் படித்துவிட்டு, "யாரும் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொன்னியளாமே, அந்தக் கூஜா எதுக்கு?" என்று கேட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தன் கைப்பட எழுதித் தானும் விலகிக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தான். அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை. இந்த வருஷம் தகுதியுள்ள மனுதாரர் எவருமில்லை என்று அந்தக் கோப்பை மூடிவிட்டதாகக் கேள்வி.

ஆம், பக்கீர் முகமதுவை நான்தான் கொன்றேன். தெரிந்தே, இரண்டு டம்ளர். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். என் அறிக்கையைத் தருவித்து, கொஞ்சம் சிவப்பு மையும் கொடுங்கள். பெயர் சரி, வயது சரி, வியாதியும் சரி. தேதி ஒன்றுதான் தவறு. அதை இருபத்திரண்டு என்று திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிட்டால் போதும். இருபத்தேழு வருஷத்தில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை.