கவிழ்த்து வைத்த டப்பாக்கள்

— தூங்கிட்டுத்தானே இருந்தீங்க அத்தை? எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? போய்ப் படுங்க, நான் டீ போட்டுக் கொண்டாரேன்.

— டீ கெடக்கட்டும். வீடு பூரா வெண்ணெய் வாசனை அடிக்குது, எங்கேருந்து தூங்குறது? உன் மாமியாருக்குக் கண்ணுதான் மங்கல், மூக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன பண்றே?

— சும்மாதான் அத்தை. பிஸ்கட்.

— மறுபடியும் கேக் ஆர்டர் எடுக்கிறியா? அதுக்குத்தானே என் மகன் இந்த ஓவன் கண்ணாடியை உடைச்சான். இன்னும் புத்தி வரலையா?

— ஆர்டர் எல்லாம் இல்ல அத்தை. அப்ப வாங்கினதுல மிச்சம் மீதி கெடந்துச்சு. மைதா ஒரு கிண்ணம், கோகோ பவுடர் அடியில கொஞ்சம், உலர்திராட்சை ஒரு பிடி. வண்டு விழுந்து வீணாப் போறதுக்கு...

— கண்ணாடி உடைஞ்ச ஓவன்ல எப்படிச் சுடுறே?

— விரிசல்தானே. சூடு தாங்குது.

— என்னமோ போ. என் பக்கம் திரும்பிப் பேசு. கை ஏன் இப்படி நடுங்குது?

— மாவு பிசைஞ்ச கை அத்தை.

— மாவு பிசைஞ்சா கை வலிக்கும், நடுங்காது. அந்த பாட்டில் என்ன?

— வெனிலா எசன்ஸ். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்திட்டேன்.

— இது?

— பேக்கிங் பவுடர். அதுவும் தீர்ந்துபோச்சு.

— சர்க்கரை டப்பா?

— அதுலயும்... கொஞ்சந்தான் இருந்துச்சு.

— நாளைக்குக் காலையில என் மகன் டீக்குச் சர்க்கரை கேட்டா?

— அவர்கிட்ட சொன்னா வாங்கிட்டு வருவாரு.

— சொல்றதுக்கு நீ இருப்பியா?

— என்ன அத்தை இப்படிக் கேக்குறீங்க?

— எல்லா டப்பாவையும் கழுவித் துடைச்சுக் கவுத்து வச்சிருக்கே. வீட்டைக் காலி பண்றவங்க செய்ற வேலை இது. இரு, போன் அடிக்குது... அலோ. ஆங், சொல்லுப்பா... இருக்கா. எங்க போவா? என் கண்ணு முன்னாடிதான் நிக்கிறா... சாவியா? என் இடுப்புலதான் இருக்கு, வேற எங்க இருக்கும்?... சரிப்பா. வா.

— அவரா? என்ன சொன்னாரு?

— பட்டறையில கரண்ட் இல்லையாம். சீக்கிரமே வர்றானாம்.

— ஐயோ. எப்ப கிளம்புறாராம்?

— கிளம்பிட்டான். புருஷன் வர்றான்னா எதுக்கு உன் முகம் இப்படி வெளுக்குது?

— அத்தை, உங்க கால்ல விழறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

— எதைச் சொல்லக் கூடாது? பிஸ்கட் சுட்டதையா, பீரோவுக்குப் பின்னாடி பையை ஒளிச்சு வச்சதையா?

— அத்தை!

— கண்ணு மங்கல்தான்டி. குருடு இல்ல.

— எனக்குப் பயமா இருக்கு அத்தை. நிஜமாவே பயமா இருக்கு. தெருவுல எந்த பைக் சத்தம் கேட்டாலும் ஜன்னல்கிட்ட ஓடிப் போய்ப் பார்க்குறேன். கரண்டி கை தவறிக் கீழ விழுந்தா, அவர் வீட்டுலயே இல்லேன்னு தெரிஞ்சும் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துடறேன். போன தடவை மணிக்கட்டு. அதுக்கு முன்னாடி மண்டை. அடுத்த தடவை நான் உசுரோட இருக்க மாட்டேன்.

— மெதுவா பேசு.

— நீங்க தூங்கினதும் வாசல் சாவியை எடுத்துக்கலாம்னு பார்த்தேன். ரெண்டு தடவை பக்கத்துல வந்தேன். உங்க இடுப்புல கை வைக்கத் தைரியம் வரல.

— தெரியும். உன் மூச்சு என் மேல பட்டுச்சு.

— முழிச்சா இருந்தீங்க?

— அப்புறம் வந்து ஓவனை மூட்டினியாக்கும்?

— சும்மா உக்கார முடியல அத்தை. எதையாவது செஞ்சுக்கிட்டிருந்தாத்தான் இந்தக் கை நிக்குது. அதோட, இதெல்லாம் நான் சம்பாதிச்சு வாங்கின சாமான். பூச்சி தின்னட்டும்னு விட்டுட்டுப் போக மனசு வரல.

— நல்ல பொண்ணுடி நீ! உசுருக்குப் பயந்து ஓடுறவ ஒரு கிண்ணம் மைதாவுக்குக் கவலைப்படுறா. இந்தத் தட்டு எதுக்குத் தனியா இருக்கு?

— அது உங்களுக்கு. வெண்ணெய் கூடப் போட்டேன். உங்க பல்லுக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு.

— எனக்கா?

— நான் இல்லேன்னா ராத்திரி யாரு உங்களுக்கு எடுத்துக் கொடுப்பா? அவர் கோவத்துல அடுப்படிப் பக்கமே வர மாட்டாரு. அதான்...

— பேசாதே. அடியில தீயுது பாரு, முதல்ல அணை.

— சாவியைக் கொடுங்க அத்தை. கெஞ்சிக் கேக்குறேன்.

— இந்த விரலைப் பாரு. ஏன் கோணலா இருக்கு?

— கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லியிருக்கீங்க.

— கதவுதான். அடிச்சுச் சாத்தினது உன் மாமனார். நானும் ஒரு நாள் பையைக் கட்டினேன்டி. போறவ சும்மா போனேனா? வீட்டுல இருந்த அழுக்குத் துணியெல்லாம் துவைச்சுப் போட்டேன். காய்ஞ்சதும் மடிச்சு வச்சுட்டுப் போகலாம்னு கொடியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். துணி காயறதுக்குள்ள அவர் வந்துட்டார்.

— அத்தை...

— அந்த மூலையில நின்னுக்கிட்டுப் பார்த்தான் என் மகன். பொடியன். பயந்து அழுவான்னு நினைச்சேன். அழல. பார்த்துக் கத்துக்கிட்டான்.

— பைக்! அத்தை, பைக் சத்தம்!

— அது பால்காரன் வண்டி, இருமிக்கிட்டே போகும். பிஸ்கட்டை டப்பாவுல கொட்டு. சூடா இருந்தா போற வழியில ஆறிக்கும். செருப்பைக் கையில எடுத்துக்கோ. எங்க போறேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதே. அவன் போடுற சத்தத்துல வாய் தவறி வந்துடும்.

— நான் போயிட்டா உங்களை என்ன பண்ணுவாரோ?

— அசந்து தூங்கிட்டேன்னு சொல்லுவேன். பெத்தவ மேலயே கை நீட்டினா நீட்டட்டும், அதையும் பார்த்துக்கறேன். நீ கிளம்பு.

— சாவி, அத்தை?

— சாவி எதுக்குடி?

— காலையில அவர் போனதும் வாசலைப் பூட்டினீங்களே, எனக்குக் கேட்டுச்சே.

— பூட்டினேன். அவன் தெருமுனை திரும்பினதும் திறந்துட்டேன். நீ எப்ப போவே, எப்ப போவேன்னு காலையிலேருந்து கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கேன், நீ என்னடான்னா எனக்கு பிஸ்கட் சுட்டுக்கிட்டு நிக்கிறே!